வரிப்பணமும் வன்னி மண்ணும்

விருந்தினரை வரவேற்பது நம் மரபு. ஆனால், விருந்து முடிந்த பின் எச்சில் இலையை யார் எடுப்பது என்ற கேள்வியை நம் ஆட்சியாளர் கேட்டதேயில்லை.

2024ஆம் ஆண்டில் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டுப் பயணிகள் இலங்கைக்கு வந்தனர். 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டப்படி, பதிவுபெற்ற விடுதிகளும் பிற நிறுவனங்களும் தம் மொத்த வருமானத்தில் நூற்றுக்கு 1 பங்கை வரியாகச் செலுத்த வேண்டும். விமான நிலையப் புறப்பாட்டு வரியிலும் ஒரு பகுதி அதே நிதியைச் சேர்கிறது. அந்நிதி எங்கே போகிறது? அதிகாரசபை, விளம்பரப் பணியகம், மாநாட்டுப் பணியகம், விடுதித் தொழிற் பயிற்சி நிறுவனம் என நான்கு வாய்க்கால்களில் அது பாய்கிறது. பெரும்பங்கு விளம்பரத்துக்கே. காட்டுக்கும் களப்புக்கும் கூத்துக்குமென ஐந்தாவது வாய்க்கால் ஒன்றை வெட்ட எவருக்கும் தோன்றவில்லை. அழகை விற்கப் பணமுண்டு, காக்கத்தான் இல்லை!

தண்ணீரூற்றில் இருக்கும் நமக்கு இது தூரத்துச் செய்தியன்று. ஊற்றையே பெயராகக் கொண்ட ஊர் இது. அயலிலே வற்றாப்பளைக் கண்ணகையம்மன் கோயில். உப்புநீரில் விளக்கெரியும் வைகாசிப் பொங்கலுக்கு நாடெங்குமிருந்து மக்கள் திரள்வர். கோவலன் கதையை முல்லைமோடியில் ஆடிய கூத்துமரபு இம்மண்ணுக்குரியது. கோயிலின் பக்கத்தே நந்திக்கடல். எத்தனையோ குடும்பங்களின் சோறு அந்தக் களப்பிலே இருக்கிறது. 2009இல் அதன் கரைகளிலேதான் நம்மவர் ஆயிரமாயிரமாய் மாண்டனர். சில ஆண்டுகளுக்குள் அதே கரையில் இராணுவம் உல்லாச விடுதி நடத்திற்று. தெற்கிலிருந்து பேருந்து பேருந்தாகப் பார்வையாளர் வந்து போயினர். காட்சிப்பொருளானது நம் துயரம். வருவாய் கண்டது வேறொருவர் கை.

“வரி, வரி என்றால் பயணிகள் ஓடிவிடுவர்” என்று முதலாளிமார் முழங்குவர். புதுவரி கேட்கிறோமா நாம்? வாங்கிய வரியை உரிய இடத்துக்குத் திருப்புங்கள் என்கிறோம். பாலித்தீவில் 2024 முதல் ஒவ்வொரு வெளிநாட்டவரும் 1,50,000 ரூபியா செலுத்துகின்றனர். பண்பாட்டையும் சுற்றாடலையும் காக்கவே அது வசூலிக்கப்படுகிறது. நியூசிலாந்து 2019இல் 35 டொலராக விதித்த பயணிவரியை 2024இல் 100 டொலராக உயர்த்தியது; இயற்கைப் பாதுகாப்புக்கும் அதில் பங்குண்டு. அளவு தவறினால் இடருண்டு என்பதையும் நாம் மறுக்கவில்லை. 2022இல் நாளொன்றுக்கு 200 டொலர் கேட்ட பூட்டான், மறு ஆண்டே அதைப் பாதியாக்கியது. ஆனால், அளவைத் திருத்திய அந்நாடும் வரியைக் கைவிடவில்லை.

இதனினும் பெரிய ஐயம் ஒன்றுண்டு. பாதுகாப்பு என்றால் யார் கையால், யாருக்காக? சிகிரியாவில் பெறும் கட்டணம், 1980ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த மத்திய கலாசார நிதியத்தைச் சேர்கிறது. பழம்பொருளைக் காக்கப் பயணியின் பணம் உதவும் என்பதற்கு அது சான்று. ஆனால் நம் அயலிலுள்ள குருந்தூர்மலையில் நடந்ததென்ன? தொல்லியலின் பெயரால் எழுந்த புதுக் கட்டுமானத்தை நிறுத்தும்படி முல்லைத்தீவு நீதிமன்று 2022இல் கட்டளையிட்டது. கட்டளையை மீறி வேலை நடந்ததென்று 2023இல் அதே நீதிமன்று கண்டது. நந்திக்கடல் 2017இல் இயற்கை ஒதுக்கிடமாகப் பிரகடனமானபோதோ, காணியும் தொழிலும் பறிபோகுமே என்று மக்கள் அஞ்சினர். மக்களைப் புறத்தே நிறுத்திவிட்டுச் செய்யும் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பின் மறுபெயராகிவிடும். ஆதலால், பணம் வந்தால் மட்டும் போதாது, அதிகாரமும் வரவேண்டும்.

நம் கோரிக்கைகள் மூன்று. சுற்றுலா நிதியில் ஒரு நிலையான பங்கு சூழலுக்கும் பண்பாட்டுக்குமென்று சட்டத்திலே எழுதப்பட வேண்டும். அப்பங்கு கொழும்பிலே தேங்காமல் பிரதேச சபைகளைச் சேர வேண்டும்; மீனவர் சங்கத்தாரும் உழவரும் கூத்துக் கலைஞரும் அமர்ந்த சபையே செலவைத் தீர்மானிக்க வேண்டும். ஒவ்வொரு சதத்தின் கணக்கும் ஆண்டுதோறும் தமிழிலும் சிங்களத்திலும் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். தெற்கே காலியிலும் எல்லவிலும் குப்பையைச் சுமக்கும் சிங்களத் தொழிலாளிக்கும் இக்கோரிக்கை உரியதே.

ஆசிரியர்களே, மாணவர்களே! வகுப்பறையில் நாட்டின் வளங்களைப் பட்டியலிட்டுப் படித்தோம், படிப்பித்தோம். அவ்வளங்களை விற்ற பணம் எங்கே போகிறதென்று கேட்பதும் கல்வியே. தூர்வாரும் உரிமை ஊராருக்கு இல்லையென்றால் ஊற்று எத்தனை நாளைக்குச் சுரக்கும்? இக்கேள்வியை ஒவ்வொரு ஊரிலிருந்தும் எழுப்புவோம்.