கிளினிக்கில் குளிசை மாறும்போது

2022இல் நாட்டில் டொலர் தீர்ந்தபோது அரச வைத்தியசாலைகளின் மருந்திருப்பும் தீர்ந்தது. கிளினிக்கில் ஒரு மாதம் கிடைத்த கொழுப்புக் குளிசை அடுத்த மாதம் இல்லை. வேறொன்று தந்தார்கள், அல்லது வெளியே வாங்கச் சொல்லித் துண்டு எழுதினார்கள். வாங்க வசதியில்லாதவர்கள் குளிசையையே விட்டார்கள். கொலஸ்திரோல் கூடினால் நோவு தெரிவதில்லை, அதனால் விடுவதும் சுலபம்.

குளிசை மாறினால் உண்மையில் என்ன நடக்கிறது? ஸ்டற்றின் வகை மருந்துகளை நேருக்கு நேர் ஒப்பிட்ட பெரிய ஆய்வொன்று 2003இல் வெளியானது. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல்லை 10 மில்லிகிராம் றொசுவஸ்டற்றின் சுமார் 46 வீதமும், அதே அளவு அற்றோவஸ்டற்றின் 37 வீதமும், சிம்வஸ்டற்றின் 28 வீதமும் குறைத்தன. ஆகவே பெயர் மாறி, மில்லிகிராம் மட்டும் அப்படியே இருந்தால் மருந்தின் வலு மாறிவிட்டது என்று பொருள். 20 மில்லிகிராம் அற்றோவஸ்டற்றினுக்குப் பதில் 20 மில்லிகிராம் சிம்வஸ்டற்றின் தருவது, சொல்லாமலே மருந்தைக் குறைப்பதுதான். அளவை இரட்டிப்பாக்கினாலும் மேலதிகமாகக் குறைவது 6 வீதமளவே.

எல்டிஎல் 160 உள்ள ஒருவருக்கு 10 மில்லிகிராம் றொசுவஸ்டற்றினில் அது 86 அளவுக்கும், அற்றோவஸ்டற்றினில் 101 அளவுக்கும் இறங்கலாம். இரண்டுக்கும் இடைவெளி 15. எதையும் போடாதவருக்கு அது 160தான். குளிசையை விட்ட சில கிழமைகளில் பழைய அளவு திரும்பிவிடும். ஏற்கெனவே மாரடைப்போ பாரிசவாதமோ வந்தவருக்கு இது விளையாட்டல்ல.

வெளிநாட்டு உறவுகள் அனுப்பும் பெட்டியில் வருவதே 'நல்ல மருந்து' என்ற எண்ணம் நம்மிடையே வலுத்திருக்கிறது. தரமற்ற இம்யூனோகுளோபியுலின் கொள்வனவு விவகாரத்தில் முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரியில் கைதான பிறகு, அந்த அவநம்பிக்கையை வெறும் வதந்தி என்று தள்ளவும் முடியாது. ஆனால் ஸ்டற்றினில் விலையுயர்ந்த பெயரைத் தேடி ஓடத் தேவையில்லை. அற்றோவஸ்டற்றினின் காப்புரிமை அமெரிக்காவில் 2011இலேயே முடிந்துவிட்டது. வேலை செய்கிறதா என்பதை ஓர் இரத்தப் பரிசோதனை காட்டிவிடும்.

சிறுநீரக நோய் பரவலாக உள்ள வவுனியா போன்ற இடங்களில் இன்னொன்றும் உண்டு. சிறுநீரகம் கடுமையாகப் பழுதானவர்களுக்கு றொசுவஸ்டற்றின் அளவைக் குறைத்தே கொடுக்க வேண்டும். அற்றோவஸ்டற்றினுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. இருப்பில் உள்ளதை மாற்றித் தரும் வைத்தியசாலை, எதற்குப் பதில் எது, எத்தனை மில்லிகிராம் என்று கிளினிக் கொப்பியில் தமிழில் ஒரு வரி எழுதிக் கொடுப்பதற்கு டொலர் தேவையில்லை.