தன்னைப் பேணும் பழக்கமும் தண்ணீர் அருந்தாத மலையும்

தன்னைத் தான் பேணிக்கொள்ளல் ஒவ்வொருவருக்கும் அன்றாடப் பழக்கமாதல் வேண்டும் என்னும் போதனை இன்று எங்கும் கேட்கின்றது. வைத்தியசாலைச் சுவர்களிலே அது தொங்குகின்றது. ஞாயிறு இதழ்களின் மகளிர் பக்கங்களிலே அச்சாகின்றது. கைத்தொலைபேசித் திரைகளிலே நாள் தவறாது வந்து நிற்கின்றது. வேளைக்கு உண்க, போதிய நீர் அருந்துக, ஏழெட்டு மணி நேரம் உறங்குக, நாளில் சில நிமிடமேனும் உனக்கென ஒதுக்குக. இவற்றுள் ஒன்றேனும் பிழையானதன்று. உடலியல் அறிந்த எவரும் இவற்றை மறுக்கார். ஆயின், சரியான கூற்றும் அதனைச் செயற்படுத்த இயலாதவரிடம் சென்று உரைக்கப்படுமிடத்து ஏளனமாகிவிடுகின்றது. கம்பளையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலே இப்போதனைக்கு நேர்ந்துள்ள கதி அதுவே என்பது எமது வாதம்.

கம்பளைக்கு அண்மையிலுள்ள தோட்டம் ஒன்றின் கோயில் மண்டபத்திலே பெண் தொழிலாளருக்கென நிகழ்ந்த சுகாதாரச் சொற்பொழிவொன்றைச் சென்ற ஆண்டு நாம் இருந்து கேட்டோம். பேச்சாளர் நல்லவர், விடயம் அறிந்தவர், படங்களும் கொண்டு வந்திருந்தார். நாளொன்றுக்கு எட்டுக் குவளை நீர் அருந்துவதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும் என்றார். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது: “தண்ணி குடிச்சிட்டு மலையில எங்கங்க போறது?” மண்டபம் சிரித்தது. பேச்சாளரும் சிரித்தார், பின்னர் அடுத்த படத்தைக் காட்டினார்.

அந்த வினாவுக்கு விடை கூறாது அடுத்த படத்துக்குச் செல்லுதலே இப்போதனையின் முழுமையான இயல்பு எனலாம். கொழுந்து மலையிலே மலசலகூடம் இல்லை. லயத்துக்கு இறங்கி மீண்டும் ஏறுவதெனின் அரை மணி நேரத்துக்குக் குறையாது. அந்நேரத்தில் பறிக்கக்கூடிய கொழுந்து பறிபோகின்றது. நாளுக்கு இத்தனை கிலோகிராம் எனத் தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும் நிறை, பதினெட்டோ இருபதோ, எட்டப்படாவிடின் அன்றைய உழைப்பு அரைப்பேராகச் சுருங்குகின்றது. ஆதலின் அப்பெண் காலையில் ஒரு கோப்பைத் தேத்தண்ணியுடன் மலையேறி, நண்பகல் வரை நா வறள நிற்கின்றாள். நீர்க்கடுப்பும் தொற்றும் பின்னர் வருவன. மானமும் சம்பளமும் அன்றைக்கே காக்கப்பட வேண்டியவை. நீர் அருந்தாதிருத்தல் அவளது அறியாமை அன்று. தனக்கு விதிக்கப்பட்ட நிலைமைக்குள் தன்னைப் பேணிக்கொள்ள அவள் கண்டறிந்த பழக்கம் அது. சுவரொட்டிகள் வருவதற்கு நெடுங்காலம் முன்னரே அது அவளுடைய அன்றாட வாழ்விற் பதிந்துவிட்டது.

அன்றாடப் பழக்கங்களை நூலாக வகுத்துரைக்கும் மரபு தமிழுக்குப் புதியதன்று. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றாகிய ஆசாரக்கோவையிலே பெருவாயின் முள்ளியார் துயிலெழுதல், பல் துலக்கல், நீராடல், உண்ணல், உறங்கல் என நாளின் ஒவ்வொரு கூற்றையும் வெண்பாக்களால் வரையறுத்துள்ளார். அதனைப் பண்டைத் தமிழரின் சுகாதார நூலெனப் போற்றுவாருமுளர். போற்றட்டும். ஆயின் அந்நூல் கருதும் மாந்தனுக்கு நீராட நீர்நிலை உண்டு. கிழக்கு நோக்கி அமர்ந்துண்ண இடமும் பொழுதும் உண்டு. அவ்வுணவைச் சமைப்பதற்குத் துயிலெழுந்தவர் யார் என்னும் வினா அவனுக்கு எழுவதில்லை. இன்றைய துண்டுப்பிரசுரம் கருதும் மாந்தனும் அவனே. காற்சட்டை அணிந்துகொண்டுள்ளான், அவ்வளவே. வைகறையில் எழும் ஆசாரத்தை மட்டும் எம் தாயர் தலைமுறை தலைமுறையாக வழுவாது காத்து வந்துள்ளனர். அதனை அவர்க்குக் கற்பித்தது முள்ளியாரின் வெண்பா அன்று. பெரட்டுக்கு அழைத்த தப்பு.

பழக்கத்தைப் போதித்து வசதியை மறுக்கும் இக்கதை இத்தீவிலே ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே நடந்தேறியது. 1916 ஆம் ஆண்டு றொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியுடன் மாத்தளைப் பகுதித் தோட்டங்களிலே கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கப்பட்டது. மலத்தால் மாசுற்ற மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகும் அப்புழு, குடலிலே தங்கிக் குருதியை உறிஞ்சித் தொழிலாளரைச் சோகை பிடித்தோராக்கியது. மருந்து கொடுக்கப்பட்டது, சுத்தம் பற்றிய விளக்கங்களும் நிகழ்ந்தன. மருந்து உண்டவரின் உடலைவிட்டுப் புழு நீங்கியது, அவர் மீண்டும் அதே மண்ணிலே கால் வைத்தார், புழுவும் மீண்டது. நோயின் வாயிலை அடைக்க வல்லது மலசலகூடமே என்பது அன்றே தெளிவாக இருந்தது. எனினும் அதனைக் கட்டும் செலவை ஏற்கத் தோட்டத்துரைமார் பலர் தயங்கினர். மருந்து மலிவு, விளக்கவுரை அதனினும் மலிவு. எது மலிவானதோ அதுவே தொழிலாளருக்குத் தாராளமாக வழங்கப்படும் என்னும் விதியை இவ்வரலாற்றிலிருந்து எவரும் கற்றுக்கொள்ளலாம்.

2020 இலே கொரோனாத் தொற்று வந்தபோதும் அவ்விதி மாறவில்லை. இருபது விநாடி கைகழுவுக, ஒரு மீற்றர் இடைவெளி பேணுக என்றனர். பத்தடிக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவிலே ஆறேழு பேர் உறங்கும்போது இடைவெளி எவ்வாறு பேணப்படும்? பல குடும்பங்களுக்கு ஒரே பீலி எனில், இருபது விநாடியைக் கணக்கிடுவது கைகழுவுபவரா, அவருக்குப் பின்னே குடத்துடன் நிற்பவரா?

1978 இல் அன்றைய சோவியத் கசக்ஸ்தானின் அல்மா ஆட்டா நகரிலே உலக நாடுகள் கூடி வெளியிட்ட பிரகடனம், சுகாதாரக் கல்வியையும் பாதுகாப்பான நீர் வழங்கலையும் அடிப்படைச் சுகாதார வசதியையும் ஒரே பட்டியலிலேயே வைத்தது. ஒன்றைச் செய்து மற்றையவற்றைக் கைவிட அது எவருக்கும் அனுமதி வழங்கவில்லை.

இதுகாறும் கூறியவற்றைக் கேட்டுத் தலையசைக்கும் எம் முற்போக்கு நண்பர்க்கும் சில கூற வேண்டியுள்ளது. சிறு பழக்கங்களைப் பற்றிய பேச்சே நடுத்தர வர்க்கத்துப் பொழுதுபோக்கு, சமுதாய மாற்றம் வந்த பின்னர் யாவும் தாமே சரியாகும் என்று அவர்கள் கருதுகின்றனர். (இதனை அவர்கள் பெரும்பாலும் இரவு இரண்டு மணிக்கு, விடுதி அறையிலே, புகை சூழவே கூறுவர்.) 1886 மே மாதம் சிக்காகோத் தொழிலாளர் வீதியில் இறங்கியது எதற்காக? எட்டு மணி நேர வேலைநாளுக்காக. எஞ்சிய பொழுதிலே ஓய்வும் உறக்கமும் தமக்குரியன என்பதற்காக. உறக்கம் தொழிலாளி வர்க்கம் குருதி சிந்திக் கோரிய பொருள். வெற்றிலையை எடுத்துக்கொள்வோம். பாக்கு புற்றுநோய் விளைவிப்பதென உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இலே அறிவித்தது. மலையிலே பசியையும் குளிரையும் அடக்கவே எம்மவர் அதனை மெல்லுகின்றனர் என்பது மெய். அக்காரணத்தை அறிந்தமையால் வாய்ப்புண் ஆறிவிடுவதில்லை. மாற்றம் வரும் வரை அதனைப் பற்றி வாய் திறவாதிருப்பவரும், பசியைப் பற்றி வாய் திறவாத சொற்பொழிவாளரும் ஒருவருக்கொருவர் நெருங்கிய உறவினரே.

நிருவாகத்தின் அனுமதியோ சம்பள நிர்ணய சபையின் தீர்மானமோ வேண்டாத சீர்திருத்தம் ஒன்றும் உண்டு. அதனைக் கூறும்போது தொழிற்சங்க மேடைகளிலும் மாணவர் கூட்டங்களிலும் ஒருங்கே மௌனம் நிலவுவதைக் கண்டுள்ளோம். நான்கு மணிக்கு எழும் பெண், நீர் சுமந்து, ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, மலையேறி, மாலையிலே கொழுந்து நிறுத்து வீடு மீள்கின்றாள். கணவனும் மீள்கின்றான், பல வேளைகளில் அவளுக்கு முன்னரே. அவன் முகம் கழுவித் திண்ணையில் அமர்கின்றான். அவள் விறகை அடுப்பில் வைக்கின்றாள். அவளுக்கென ஒதுக்குமாறு பிரசுரம் கூறும் அந்தச் சில நிமிடங்கள் எங்கே என்று தேடுவோர் திண்ணையைப் பார்த்தாற் போதும். 1000 ரூபா நாட்சம்பளத்துக்கு ஆண்டுக்கணக்கிலே குரல் கொடுத்து 2021 இலே அதனைச் சட்டமாக்கக் கண்ட சமூகம், ஓர் ஆண்மகன் குடத்தைத் தூக்குவதற்கு எத்தனை ஆண்டு பேச வேண்டும்? லயங்களிலிருந்து பல்கலைக்கழகம் வந்த எம்முள்ளும் எத்தனை பேர் விடுமுறையில் வீடு சென்று, உண்ட கோப்பையைத் தாமே கழுவுகின்றோம்?

வரும் விடுமுறையிலே தோட்டங்களுக்குச் செல்லவிருக்கும் எம் சங்கத்து நண்பர்கள் துண்டுப்பிரசுரக் கட்டுக்களைப் பேராதனையிலேயே விட்டுச் செல்வார்களாக. அவற்றுக்குப் பதிலாக அளவு நாடா ஒன்றை எடுத்துச் செல்க. கொழுந்து நிறுக்குமிடத்திலிருந்து அண்மைய மலசலகூடம் எத்தனை மீற்றர், குடிநீர்ப் பீலி எத்தனை மீற்றர், ஒரு பீலிக்கு எத்தனை குடும்பம் என அளந்தும் எண்ணியும் வருக. மாலையிலே அடுப்படியில் நிற்பவர் யார் என்பதையும் அதே ஏட்டிலே குறித்துக்கொள்க. அவ்வளவுகளை, தோட்டத்தின் பெயருடன், அடுத்த மலரிலே அச்சிடுவோம்.