பாலக்குறிச்சிக் கணக்கும் கலாசாலை அலமாரியும்

நம் நாகை ஜில்லாவிலே பாலக்குறிச்சி என்றொரு சிற்றூர் உண்டு. கோயிற் பெருமையாலோ சந்தைப் பெருமையாலோ பேர் பெற்ற ஊரன்று. நெல் விளையும் வேறு நூறு ஊர்களைப் போன்றதோர் ஊர். எனினும், பொருளாதார சாஸ்திரம் பயில்வோரிடையே இந்நாட்டிலும் கடல் கடந்த நாடுகளிலும் அதன் பெயர் வழங்கி வருகின்றது. மாணாக்கர் சிலர் தம் விடுமுறையிற் செய்த வேலையே அதற்கு மூலகாரணம் என்று சொன்னால், இன்று நம் வகுப்புகளில் அமர்ந்திருப்போர் நம்பத் தயங்குவர்.

சென்னைச் சர்வகலாசாலையில் இந்தியப் பொருளாதாரத்துக்கென ஏற்பட்ட முதற் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் என்னும் ஆங்கிலேயர். 1915-இல் வந்து சேர்ந்த அவர், இந்தியக் கிராமத்தைப் பற்றிப் பாடஞ் சொல்லப் புகுந்தபோது கையிலே கிராமத்துக் கணக்கு ஒன்றுமில்லாதிருத்தலைக் கண்டார். அதற்கு அவர் செய்த உபாயம் மிக எளியது. வினாக்கள் நிறைந்த தாள்களைத் தம் மாணாக்கர் கையிற் கொடுத்து, விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால் நிலம் எவ்வளவு, கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு, உண்பது யாது, உடுப்பது யாது என்று கேட்டெழுதி வருமாறு பணித்தார். அவர்கள் எழுதி வந்தவற்றைத் தொகுத்துச் 'சில தென்னிந்தியக் கிராமங்கள்' என்ற பொருளுடைய ஆங்கில நூலாக 1918-இல் அச்சிற் கொணர்ந்தார். தஞ்சை ஜில்லாவிலிருந்து அதிலே இடம் பெற்ற ஊர் பாலக்குறிச்சி. இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான், வடமலைபுரம் முதலிய ஊர்களும் அவ்வாறே இடம் பெற்றன.

இவ்வளவோடு முடிந்திருப்பின் அஃது ஒரு பழைய புத்தகமாய் நின்றிருக்கும். ஆனால் கணக்கு வெளியிலே இருந்தது. ஊரின் பெயரும் வெளியிலே இருந்தது. ஆகவே பி. ஜே. தாமஸ், கே. சி. ராமகிருஷ்ணன் என்ற இரு பேராசிரியர்கள் 1936-37-இல் அவ்வூர்களை மறுபடி விசாரித்து 1940-இல் தம் முடிபுகளை வெளியிட்டனர். பின்னர் மார்கரெட் ஹாஸ்வெல் என்னும் ஆங்கிலப் பெண்மணி ஸ்லேட்டர் கண்ட ஊர்களுக்குச் சென்று எழுதினார். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சார்ந்த எஸ். குகன் 1983-இல் பாலக்குறிச்சி மறு ஆய்வை வெளியிட்டார். அதற்குப் பின்னும் ஆராய்ச்சியாளர் வந்தனர். 2019-இல் வேளாண் ஆய்வுக்கான ஓர் அறக்கட்டளையார் பாலக்குறிச்சியையும் வெண்மணியையும் வீடு வீடாய் விசாரித்தனர். ஒரு நூற்றாண்டுக் காலத்தில் நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று, பண்ணையாள் கூலியாளாகிப் பின் திருப்பூருக்கும் சென்னைக்கும் புறப்படுங் காலம் எவ்வாறு வந்தது என்பனவற்றை ஊகத்தாலன்றிக் கணக்காற் பேசத்தக்க ஊர்கள் இத்தேசத்தில் மிகச் சில. அவற்றுள் ஒன்று நம் அண்டையிலிருப்பதை நம் மாணாக்கரில் எத்தனை பேர் அறிவர்?

இனி நம் வீட்டுச் செய்திக்கு வருவோம். காவிரிக் கழிமுகத்துக் கலாசாலைகளில் வருஷந்தோறும் கிராம விசாரணை நடைபெறாமலில்லை. நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஏழு நாட்கள் தங்கும் மாணாக்கர் வீடு வீடாய்ப் படிவம் நிரப்புகின்றனர். பொருளாதாரம், வரலாறு, சமூகப் பணி ஆகிய வகுப்பினர் பட்டத்துக்காக ஆய்வேடு எழுதுகின்றனர். ஆராய்ச்சிப் பட்டம் பெறுவோரோ இருநூறு முந்நூறு குடும்பங்களை விசாரிக்கின்றனர். இவையெல்லாம் எங்கே? ஆய்வேட்டில் விழுக்காட்டு அட்டவணை இருக்கும். பொன்னெழுத்துப் பொறித்த அட்டை இருக்கும். அவ்வட்டவணைக்கு ஆதாரமாகிய நிரப்பிய தாள்களைக் கேட்டால், துறையின் இடப்பற்றாக்குறையால் பழந்தாள் வாங்குவோனிடம் போயின என்பர். அல்லது கணிப்பொறியில் இருந்தன, கணிப்பொறி பழுதாயிற்று என்பர். நாமும் இக்குற்றத்துக்குப் புறம்பானவரல்லேம். நம் கைப்படச் சேர்த்த தாட்கட்டொன்று அலமாரியின் அடித்தட்டிற் கறையானுக்கு இரையாயிருந்ததை ஒரு மழைக்காலத்திற் கண்டோம். அதைக் கொட்டி வாருங்கால், மறுமொழி சொன்ன குடியானவப் பெண்மணி ஒருத்தி நடவு வேலையை அரை நாழிகை நிறுத்திக் கரையேறி வந்து நின்றது நினைவுக்கு வந்தது.

எம். என். ஸ்ரீநிவாஸ் அவர்களுக்கு நேர்ந்ததை இங்கே சொல்ல வேண்டும். 1948-இல் மைசூர் நாட்டு ராம்பூராவில் அவர் தங்கிச் சேர்த்த குறிப்புகளைப் பல ஆண்டுகள் உழைத்து ஒழுங்கு செய்து மூன்று பிரதிகள் வைத்திருந்தார். மூன்றும் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு நகரத்து அறை ஒன்றிலேயே இருந்தன. 1970 ஏப்ரலில் அங்கே யாரோ வைத்த தீயில் மூன்றும் சேதமுற்றன. அப்பேரறிஞர் மனந் தளராமல் நினைவிலிருந்தே ஒரு நூல் எழுதினார். 1976-இல் வெளிவந்த அந்நூல் புகழ் பெற்றது. எல்லோர்க்கும் அத்தகைய நினைவாற்றல் இல்லை. மூன்று பிரதி இருந்தும் மூன்றும் ஓரிடத்தில் இருந்தமையே அங்கு நேர்ந்த கேடு. ஒரு பிரதி வேறொரு கலாசாலையில் இருந்திருப்பின் அத்தீ அவ்வளவு தீங்கு செய்திராது.

ஆனால் தாள்களைக் கட்டி வேறொரு கலாசாலைக்கு அனுப்பிவிட்டாற் போதுமோ? போதாது. நம் தஞ்சை நாட்டுக் கணக்கில் இது பெரிய விஷயம். 'மாவுக்கு ஐந்து கலம் கண்டது' என்று ஒருவர் சொன்னதை எழுதி வைத்தோமானால், இருபது மா ஒரு வேலி, ஒரு வேலி ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்ற வாய்பாடு தெரிந்தவர்க்கே அது பொருள்படும். அதிலும் எந்த மரக்கால் என்ற வினா நிற்கின்றது. ஊருக்கு ஊர் மரக்கால் வேறுபட்ட காலமும் உண்டு. இராஜராஜன் எடுப்பித்த தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டில் நெல்லைக் குறிக்குமிடத்து 'ஆடவல்லான்' என்னும் மரக்காலையும் பெயர் சுட்டிச் சொல்லியிருத்தலை வரலாற்று மாணாக்கர் அறிவர். ஆயிரம் ஆண்டுக்கு முன் கல்லிற் பொறித்தவர்க்கு இருந்த முன்யோசனை, கணிப்பொறியில் எழுதும் நமக்கு இல்லாமற் போனது வெட்கத்துக்குரியது. நாம் பார்த்த சில கோப்புகளில் 'வ3', 'வ7' என்று தலைப்பிருக்கும். மூன்று யாது, ஏழு யாது என்பதை எழுதியவரே இரண்டு வருஷத்துக்குள் மறந்துவிடுகின்றனர். எழுபதிலே வருமானத்தை மாதத்துக்குக் கேட்டாரா, வருஷத்துக்குக் கேட்டாரா? தை அறுவடைக்குப் பின் கேட்டாரா, கையிருப்புக் குறைந்த ஆடியிற் கேட்டாரா? ஆடியிற் சொல்லுங் கடனும் மாசியிற் சொல்லுங் கடனும் ஒன்றாகா.

ஜில்லாவின் எல்லையும் இதிற் சேரும். 1991-இல் தஞ்சையிலிருந்து நாகை பிரிந்தது. 1997-இல் திருவாரூர் பிரிந்தது. 2020-இல் மயிலாடுதுறை பிரிந்தது. ஆகையால் 1981-ஆம் வருஷத்துத் தஞ்சை ஜில்லாவையும் இன்றைய தஞ்சை ஜில்லாவையும் பக்கத்திற் பக்கம் வைத்து 'குறைந்தது' என்றெழுதுவது, குடும்பம் பாகம் பிரிந்ததை அறியாமல் தமையன் நிலத்தை இழந்தான் என்று எழுதுவதற்கு ஒப்பாகும். இத்தகைய ஆய்வேட்டை நாம் திருத்தியதுண்டு. ஆதலால் கணக்கோடு அதன் விளக்கமும் ஒரு தாளில் எழுதிச் சேர்த்தாலன்றி, பகிர்ந்தும் பயனில்லை.

வெளிநாட்டார் இதனை எப்போதோ கண்டு கொண்டனர். அமெரிக்காவில் மிச்சிகன் சர்வகலாசாலையை நடுவாகக் கொண்டு 1962-இல் சில சர்வகலாசாலைகள் கூடித் தொடங்கிய சமூக விஞ்ஞானக் கணக்குக் களஞ்சியத்தில் இன்று எழுநூறுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் அங்கம் வகிக்கின்றன. இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் சர்வகலாசாலையில் 1967-இல் இவ்வாறே ஒன்று ஏற்பட்டது. நம் நாட்டிலும் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் குடும்ப வாரியான விவரங்களை, பெயர் நீக்கி, எவரும் பெறலாம். எனினும் நம்மவர் பின்பற்றற்கு அணுக்கமான உதாரணம் ஐதராபாத்துக்கு அருகே பட்டஞ்செருவிலுள்ள இக்ரிசாட் நிறுவனத்தாருடையது. ஔரேபல்லே, ஷிராப்பூர், கன்சாரா முதலிய தக்கணத்து ஊர்களிற் சில குடும்பங்களை 1975 முதல் அவர்கள் ஆண்டுக்கணக்காய்த் தொடர்ந்து விசாரித்து, அவ்விவரத்தைக் கேட்ட ஆராய்ச்சியாளர்க்கு வழங்கினர். மழை பொய்த்த வருஷத்தில் ஏழைக் குடியானவர் எவ்வாறு தாங்கி நின்றனர் என்பதைக் குறித்து, அந்த ஊர்களைக் கண்ணாற் கண்டிராத அறிஞர்களும் அக்கணக்கைக் கொண்டே உலகம் மதிக்கும் கட்டுரைகள் எழுதினர்.

இவ்விடத்து நம் ஆசிரியர் சிலர் கேட்பது நமக்குத் தெரியும். 'வெயிலில் அலைந்து சேர்த்தவர் நாங்கள். குளிர்ந்த அறையில் இருப்பவர் அதைக் கொண்டு பேரெடுப்பதோ?' நியாயமான கேள்வியே. சேர்த்தவர்க்கு மூன்று வருஷமோ நான்கு வருஷமோ தனியுரிமை இருக்கட்டும். பிறகு எடுத்தாள்வோர் சேர்த்தவர் பெயரைச் சொல்லியே தீர வேண்டுமென்று விதி செய்யட்டும். ஆனால் பத்து வருஷம் பூட்டி வைத்துத் தாமும் எழுதாமல் பிறரையும் எழுத விடாதிருத்தலுக்கு உரிமை என்று பெயரிடுதல் தகாது.

இதனினும் வலிய மறுப்பொன்றுண்டு. அதனை எளிதில் தள்ளிவிட நம்மால் இயலவில்லை. கணக்கு வெளிப்பட்டால் கணக்குச் சொன்னவர்க்கு என்ன நேரும்? கூலி என்பது இந்நாட்டில் வெறும் எண்ணன்று. 1968-ஆம் வருஷம் டிசம்பர் 25-ஆம் நாள் இரவில், கூலிப் பூசலின் முடிவிலே கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர், பெரும்பாலோர் பெண்டிரும் குழந்தைகளும், எரியுண்டு மாண்டனர். இன்ன வீட்டான் இன்ன பண்ணையில் இவ்வளவு கூலி கேட்டான், இன்னாரிடம் இவ்வளவு கடன்பட்டான் என்றெழுதிய தாள் அந்நாளில் யார் கையிற் கிடைத்திருந்தால் என்னவாயிருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். இவ்வச்சம் அறிந்தே போலும், 1961-62-இல் தஞ்சை ஜில்லாவில் ஆராய்ந்த ஆந்த்ரே பேத்தேய் தாம் கண்ட ஊரை ஸ்ரீபுரம் என்று புனைபெயரால் வழங்கினார். 1951 முதல் 1953 வரை இங்கிருந்த காத்லீன் கஃப் அம்மையாரும் தம் ஊர்களைக் கும்பபேட்டை, கிரிப்பூர் என மாற்றியே எழுதினார். அதனால் ஊரார்க்குக் காப்பு ஏற்பட்டது. ஆனால் பின் வருவோர் அவ்வூரைத் தேடிச் சென்று ஒப்பிடுவது அரிதாயிற்று. அம்மையாரே 1976-இல் திரும்பி வந்து பார்க்க வேண்டியதாயிற்று. பாலக்குறிச்சி தன் பெயரோடு நிற்பதாலன்றோ பலரும் அங்கே மீண்டும் மீண்டும் செல்ல முடிந்தது!

இவ்விரண்டில் எதைக் கொள்வது? ஊரின் பெயர் இருக்கட்டும், ஆளின் பெயர் போகட்டும் என்பது நம் அபிப்பிராயம். அதுவும் முழுக் காப்பன்று என்பதை ஒப்புக் கொள்கிறோம். நூறு வீடுள்ள ஊரில் 'பன்னிரண்டு ஏக்கர், இன்ன சாதி, மகன் சிங்கப்பூரில்' என்றெழுதினால், பெயரில்லாமலே ஆளை ஊரார் சுட்டிக் காட்டுவர். ஆகவே யாவர்க்கும் வழங்கும் பிரதியில் சர்வே எண்ணையும் தெருவையும் நீக்கி, நிலத்தையும் வயதையும் ஓர் அளவிலிருந்து ஓரளவு வரை என்று வகுத்துக் காட்ட வேண்டும். முழுப் பிரதியை நூலகத்திற் பூட்டி வைத்து, காரணம் எழுதிக் கையொப்பமிட்டு, ஆசிரியர் குழு அனுமதித்த ஆராய்ச்சியாளர் அங்கேயே அமர்ந்து பார்க்கும்படி செய்யலாம். தனி மனிதர் விவரங்களைக் காத்தற்கென 2023-இல் சட்டமும் வந்துள்ளது. சட்டம் வருமுன்பே நமக்கு இக்கவலை இருந்திருக்க வேண்டும்.

சுனாமிக்குப் பின் இவ்வூர்க் கடற்கரையில் நிகழ்ந்ததையும் மறக்கலாகாது. 2004 டிசம்பர் 26-இல் இந்த ஜில்லாவில் மட்டும் 6,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அதையடுத்த மாதங்களில் அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் கேள்வித் தாளோடு வந்தவர் பலர். ஒருவர் கேட்டது மற்றவர்க்குத் தெரியாது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் 'வீட்டில் எத்தனை பேர்?' என்று ஐந்தாம் முறை கேட்பது ஆராய்ச்சியாகுமோ? தொண்டு நிறுவனங்கள் கூடி 2005-இன் தொடக்கத்தில் நாகையிலேயே ஒருங்கிணைப்பு மையம் ஒன்று நிறுவி விவரங்களை ஓரிடப்படுத்த முயன்றது இவ்வல்லலை ஓரளவு குறைத்தது. முன்னமே கேட்டறிந்தது கையில் இருப்பின் மறுபடி கேட்க வேண்டுவதில்லை. விவரம் பகிர்தல் ஆராய்ச்சியாளர்க்குச் செய்யும் உபகாரம் என்று பலர் நினைக்கின்றனர். சொன்னவர்க்குச் செய்யும் உபகாரம் அதனினும் பெரிது என்போம்.

1844-இல் இந்நாகையிலே தோன்றி 1883-இல் திருச்சிக்குப் பெயர்ந்த தூய வளனார் கலாசாலையை நினைவு கூர்வோர் இன்றும் உண்டு. கலாசாலைகள் பெயரலாம், ஆசிரியர் ஓய்வு பெறலாம், கிராமம் அங்கேயே இருக்கின்றது. ஆகவே பெரிய களஞ்சியம் ஒன்றை அரசாங்கம் கட்டித் தரட்டும் என்று காத்திருத்தல் வேண்டா. நாகை, திருவாரூர், மயிலாடுதுறை, தஞ்சை ஆகிய இடங்களிலுள்ள கலாசாலைகளில் நான்கைந்து சேர்ந்தாலே தொடங்கலாம். இவ்வாண்டு முகாமில் நிரப்பப்படும் படிவங்களுக்கு இரு பிரதி. ஒன்று நம் நூலகத்தில், மற்றொன்று வேறொரு கலாசாலையில். ஒவ்வொன்றோடும் அளவும் மாதமும் விளக்கும் தாளொன்று. தமிழில் எழுதிய சுருக்கம் ஒன்று அவ்வூர்ப் பஞ்சாயத்து அலுவலகத்துக்கும் செல்ல வேண்டும். தம்மைப் பற்றிய கணக்கைத் தாமே படித்தறியும் உரிமை ஊரார்க்குண்டு. புள்ளியியல் வகுப்பில் எங்கோ உள்ள தேசத்துக் கோதுமை விளைச்சலைக் கொண்டு கணக்குப் போடும் மாணாக்கர், ஸ்லேட்டர் காலத்துப் பாலக்குறிச்சி அட்டவணையையும் தம் ஊர் அட்டவணையையும் வைத்துப் போடட்டும்.

அச்சிட்ட ஸ்லேட்டர் நூலைப் படிக்க விரும்பும் மாணாக்கர் நூலகரிடம் தம் பெயரைப் பதிவு செய்து கொள்ளலாம். கறையான் தின்றது போக நம்மிடம் எஞ்சிய தாள்கள் நாற்பத்தொன்று. அவற்றைப் பெயர் நீக்கிப் படியெடுக்கும் வேலைக்கு இரண்டு மாணாக்கர் முன்வந்துள்ளனர். இன்னும் இருவர் வேண்டும்.