கோயிலுக்கு வராதேன்னு சொல்ல நாம யாரு?

இந்தப் பதிவு கொஞ்சம் காரமா இருக்கும், பொறுமையா படிச்சிடுங்க.

ஆட்டிசம் உள்ள பிள்ளையைக் கூட்டிட்டு வர்ற அம்மாக்களிடம், "இவனை வீட்டுல விட்டுட்டு வரக் கூடாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். இன்னும் சிலர் திருஷ்டி, கர்மா, வளர்ப்பு சரியில்லை என்று தீர்ப்பே சொல்லிடறாங்க. ஆட்டிசம் பிறவியிலேயே மூளை வளர்ச்சியில் வரும் வேறுபாடு. பெத்தவங்க வளர்ப்பால வர்றதில்லை. சமூகநல இலாகா இந்தப் பிள்ளைகளுக்கு ஓகேயூ கார்டு கொடுக்குது, தெரியுமா?

"நல்லா பழக்கிட்டு அப்புறம் கொண்டு வாங்க" என்கிறார்கள். எங்கே பழக்குவது? வரிசையில் நிற்பது, தன் முறைக்குக் காத்திருப்பது, கை நீட்டி விபூதி வாங்குவது, பெரியவங்களுக்கு வணக்கம் சொல்வது எல்லாம் இங்கேதானே நடக்குது? நீச்சல் தெரிஞ்ச பிறகு தண்ணியில இறங்குன்னு சொன்னா எப்படி?

அதோடு, அடுத்து என்ன நடக்கும்னு தெரிஞ்சா இந்தப் பிள்ளைகளில் பலருக்குப் பதற்றம் குறையும். நம்ம பூஜையில் தீபாராதனை, தீர்த்தம், விபூதி எல்லாம் வரிசை மாறாம வருது. இதைவிட நல்ல பயிற்சி இடம் ஏது?

எங்களில் பலர் ஃபேக்டரியில் வேலை செய்றவங்க. புது ஆள் வந்தா மெஷின் பக்கத்துல படிப்படியா படம் ஒட்டி வைக்கிறோம். கத்தினா யாரும் கத்துக்க மாட்டாங்க. கரோல் கிரே என்ற அமெரிக்க ஆசிரியை 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய "சோஷியல் ஸ்டோரி" முறையும் கிட்டத்தட்ட இதேதான். போகும் இடத்தில் என்ன நடக்கும், என்ன செய்யலாம் என்று முன்கூட்டியே சின்னக் கதையா சொல்லித் தருவது.

எனவே நாங்கள் கேட்பது:

1. பெற்றோர்களே, முதலில் கூட்டமில்லாத நாளில் வாங்க. செருப்பு விடும் இடம், கால் கழுவும் குழாய், சந்நிதி என்று வரிசையா படம் எடுத்து வீட்டில் காட்டுங்க.

2. பக்தர்களே, "கண்ணைப் பார்த்துப் பேசு" என்று அதட்டாதீங்க. சின்ன வாக்கியமா ஒன்று சொல்லிட்டு பதிலுக்குக் காத்திருங்க. பதில் வரலைன்னா அது மரியாதைக் குறைவு இல்லை.

3. மேளச் சத்தத்துக்குப் பிள்ளை காதைப் பொத்தினா சிரிக்காதீங்க. வெளியே போக வழி விடுங்க.

4. வேலை கொடுங்க. அன்னதானத்தில் பத்துத் தட்டு எடுத்து வைக்கச் சொல்லுங்க. செஞ்சா பாராட்டுங்க.

ஆலய நிர்வாகங்களுக்கும் ஒரு கேள்வி. திருவிழா பேனருக்குக் காசு இருக்கு. அமைதியான ஒரு மூலையில் ரெண்டு நாற்காலி போட மட்டும் இடம் இல்லையா?

பிள்ளையாருக்கு யானை முகம், முருகனுக்கு ஆறு முகம். அவங்களைக் கும்பிட்டுட்டு, கொஞ்சம் வேற மாதிரி இருக்கிற பிள்ளையை முறைச்சுப் பார்த்தா அது என்ன பக்தி?

இந்த வெள்ளிக்கிழமை அப்படி ஒரு குடும்பத்தைப் பார்த்தா, "வாங்கம்மா, முன்னாடி நில்லுங்க"ன்னு சொல்லுங்க.