கோனோகார்பஸை வெட்டியாயிற்று, அந்த இடத்தில் எதை வைப்பது?

வாசலை ஒட்டி வைத்த கோனோகார்பஸை என்ன செய்வது என்ற கேள்வி இப்போது கிராமம், நகரம் என்ற வித்தியாசமில்லாமல் எல்லா இடங்களிலிருந்தும் வருகிறது. 2025 ஜனவரியில் தமிழக அரசு இந்தச் செடியை நடுவதற்குத் தடை விதித்தது. குஜராத் 2023-லேயே விதித்துவிட்டது. மகரந்தத்தால் வரும் ஒவ்வாமை, நிலத்தடி நீரை உறிஞ்சுவது, குழாய்களையும் வடிகால்களையும் வேர்கள் அடைப்பது ஆகியவையே தடைக்குச் சொல்லப்பட்ட முக்கியக் காரணங்கள்.

இதில் நானும் குற்றவாளிதான். வீடு கட்டியபோது நர்சரியில் முழங்கால் உயரத்தில் பளபளவென்று நின்ற ஐந்து செடிகளை வாங்கி, வாசல் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வரிசையாக வைத்தேன். உழவியலில் முனைவர் பட்டம் வாங்கியவன், செடி முழு வளர்ச்சியில் எவ்வளவு உயரம் போகும், எவ்வளவு அகலம் விரியும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்றாம் ஆண்டில் ஜன்னல் மறைந்தது. ஐந்தாம் ஆண்டில் மாதம் ஒருமுறை கத்தரிக்க ஆள் தேடினோம். பிறகு கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டது. தோண்டிப் பார்த்தால் குழாய் இணைப்புக்குள் சடை பின்னியதுபோல வேர்.

முதலில் அகற்றும் முறை. மேலே மட்டும் வெட்டினால் அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கும். அடிக்கட்டையோடு தோண்டி எடுக்க வேண்டும். அதற்காக ஜேசிபியைக் கொண்டுவந்து இழுக்காதீர்கள். அஸ்திவாரத்துக்கு அடியில் போன வேர் சுவரையும் அசைத்துவிடலாம். சுவர்ப் பக்கம் போகும் வேர்களைக் கடப்பாரை, கோடரியால் வெட்டி அங்கேயே விட்டுவிடுங்கள். கட்டையிலிருந்து துண்டிக்கப்பட்ட வேர் நாளடைவில் மக்கிவிடும்.

இனி அந்தக் குழி. நர்சரிக்குப் போவதற்கு முன் மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொல்வேன். சுவருக்கும் நடைபாதைக்கும் நடுவே எத்தனை அடி இருக்கிறது? வெயில் எந்த மாதத்தில் எவ்வளவு நேரம் விழுகிறது? மண் எப்படிப்பட்டது?

இடத்தை அளக்க எளிய கணக்கு ஒன்று உண்டு. முழு வளர்ச்சியில் செடி ஆறு அடி அகலம் விரியும் என்றால், அதில் பாதி மூன்று அடி. காற்றோட்டத்துக்கு இன்னும் ஓர் அடி. ஆக, சுவரிலிருந்து நான்கு அடி தள்ளிக் குழி எடுக்க வேண்டும். அவ்வளவு இடம் இல்லையென்றால் அந்தச் செடி உங்களுக்கானது அல்ல. கத்தரித்துச் சமாளிக்கலாம் என்று நினைத்துத்தான் நானும் ஏமாந்தேன்.

வெயில் விஷயத்தில் பலரும் தவறுகிறார்கள். வடக்குப் பார்த்த வாசல் என்றால் நிழல்தான் என்று நினைக்கிறோம். கோவை, ஈரோடு, திருச்சி போன்ற ஊர்களில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை உச்சிப்பொழுதிலும் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கிறது. கோடையில் சுட்டெரிக்கும் வெயில், மழைக்காலத்தில் நிழலும் ஈரமும். வடக்கு வாசல் செடி இரண்டையும் தாங்க வேண்டும். மேற்குச் சுவரோ மாலை முழுவதும் அனலைத் திருப்பி அடிக்கும்.

மண் இன்னும் மோசம். வாசலடி மண் பெரும்பாலும் மண்ணே அல்ல; வீடு கட்டியபோது கொட்டிய செங்கல் துண்டு, சிமெண்ட் பொடி, சுண்ணாம்பு. அதனால் களர்த்தன்மை ஏறியிருக்கும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும் உப்பாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். கோனோகார்பஸ் இருந்த இடத்தில் நான் முதலில் வைத்தது இட்லிப்பூ. நான்கே மாதத்தில் துளிர் இலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. இரும்புச்சத்துப் பற்றாக்குறை. மண்ணில் இரும்பு இருந்தாலும் களர்த்தன்மை வேரை எடுக்க விடாது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பும் 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கலந்து தெளித்தால் பச்சை திரும்பும். ஆனால் அடுத்த துளிரிலும் அதே கதை. செம்மண்ணும் நல்ல தண்ணீரும் உள்ளவர்களுக்கு இட்லிப்பூ போல அடக்கமான, அழகான செடி குறைவு. என் வாசலுக்கு அது ஒத்துவரவில்லை.

இப்போது அங்கே நிற்பது நந்தியாவட்டை. ஆறேழு அடிக்கு மேல் தொல்லை தராது, வெயிலையும் அரை நிழலையும் தாங்கும், கத்தரித்தால் கோபித்துக்கொள்ளாது, ஆண்டு முழுவதும் பூக்கும். பச்சை நிறத்தில் விரல் பருமனுள்ள புழு ஒன்று எப்போதாவது இலையைத் தின்னும். அது அரளிச் செடிக்கும் வரும் அந்துப்பூச்சியின் புழு. கையால் எடுத்துப் போட்டால் போதும். செடியின் பால் மட்டும் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தண்ணீர் குறைவான இடத்துக்கு மருதாணி. இடம் தாராளமாக இருந்தால், பத்து பன்னிரண்டு அடி போகும் பவழமல்லியைச் சற்றுத் தள்ளி வைக்கலாம். வாசம் பாம்பை இழுக்கும் என்பார்கள். பாம்புக்குத் தேவை பூ வாசமல்ல. எலியும் ஒளிந்துகொள்ளப் புதரும்தான். அடிக்கிளைகளை ஓர் அடி உயரத்துக்குக் கழித்து, தரை தெரியும்படி வைத்தால் அந்தப் பயம் குறையும். நொச்சி வைத்தால் கொசு வராது என்பதும் அப்படித்தான். இலையைப் புகைபோடுவது வேறு, செடி வாசலில் சும்மா நிற்பது வேறு.

விவசாயக் குடும்பங்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். வாசல் செடி தோட்டத்துப் பயிருக்குப் பகையாகக் கூடாது. நர்சரிகளில் காமினி என்றும் முராயா என்றும் விற்கும் வெள்ளைப்பூச் செடி, எலுமிச்சையில் கிரீனிங் நோயைப் பரப்பும் சைலிட் பூச்சிக்கு மிகப் பிடித்த வீடு. புளியங்குடிப் பக்கம் எலுமிச்சைத் தோப்பு வைத்திருப்பவர் அதை வாசலில் வைப்பது தன் தோப்புக்குத் தானே குழி பறிப்பது. செம்பருத்தி வைத்தால் மாவுப்பூச்சியைக் கவனிக்க வேண்டும். 2008-ல் கோவையில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி மல்பெரி, மரவள்ளி எல்லாவற்றையும் வாட்டியபோது வீட்டுச் செம்பருத்திகளும் அதற்குப் புகலிடமாயின. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்த ஒட்டுண்ணிக் குளவிகள்தான் அதை அடக்கின.

ஆடு, மாடு, சிறு குழந்தை உள்ள வீட்டு வாசலில் அரளியும் மஞ்சள் அரளியும் வேண்டவே வேண்டாம். இலை, பட்டை, விதை எல்லாமே இதயத்தைப் பாதிக்கும் விஷம். கத்தரித்துப் போட்ட அரளிக் கிளையை ஆடு கடித்தாலும் ஆபத்துதான்.

இதையெல்லாம் வாங்குபவர் ஒவ்வொருவரும் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. விதைப் பாக்கெட்டில் விவர அட்டை கட்டாயம். நாற்றுப் பையில் மட்டும் ஏன் ஒன்றும் இல்லை? முழு உயரம், அகலம், விஷமுள்ளதா என்று மூன்று வரி எழுதிய அட்டையை நர்சரிகள் கட்ட வேண்டும் எனத் தோட்டக்கலைத் துறை உத்தரவிடலாம். பெரிய செலவில்லை. தடைபோட்ட பிறகு ஆயிரக்கணக்கான செடிகளைத் தோண்டி எடுப்பதைவிட மலிவு. அதுவரை, விலை கேட்கும்போதே உயரத்தையும் அகலத்தையும் சேர்த்துக் கேளுங்கள். பதில் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

குழியை இப்போதே இரண்டடிக்கு இரண்டடி, இரண்டடி ஆழத்தில் எடுத்து, கட்டடக் கழிவை முழுவதும் அகற்றி, இரண்டு வாரம் வெயில் காயப் போடுங்கள். பிறகு செம்மண்ணோடு மக்கிய தொழுவுரம் இரண்டு கூடை, வேப்பம் பிண்ணாக்கு அரைக் கிலோ கலந்து நிரப்பி, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் செடியை வைத்துவிட்டால் வேர்பிடிப்பதை மழை பார்த்துக்கொள்ளும்.