செவிலியர் கோரிக்கையும் 44 தொகுதிகளும்

2015இல் தேர்வு எழுதி வந்த செவிலியர்களுக்கு ரூ.7,700 தொகுப்பூதியம், இரண்டாண்டில் நிரந்தரம் என்றார்கள். 2017 நவம்பரில் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் அவர்கள் போராட்டத்தில் உட்கார வேண்டியதாயிற்று.

கொரோனா காலத்தில் தற்காலிகமாகச் சேர்க்கப்பட்டவர்களின் ஒப்பந்தமோ 2022 டிசம்பர் 31உடன் முடிந்தது. அந்த நியமனத்தில் இடஒதுக்கீடு பின்பற்றப்படவில்லை என்றது அரசு. சரி, பின்பற்றாதது யார்? வேலை போனது யாருக்கு?

இனச்சுழற்சி பார்க்காமல் ஆள் எடுத்தால், பட்டியலினத்தாருக்கு உரிய 18 விழுக்காடும், அதில் அருந்ததியருக்கான 3 விழுக்காடும் எங்கே போயின என்று கேட்கவே வழியில்லை. செவிலியர் சங்கங்கள் பந்தலோடு நில்லாமல் தனித்தொகுதி எம்.எல்.ஏ.க்கள் 44 பேரின் கதவையும் தட்ட வேண்டும். சுகாதாரத் துறை மானியக் கோரிக்கையின்போது, ஒப்பந்த நியமனங்களின் இனவாரிக் கணக்கை அவர்களில் ஒருவராவது பேரவையில் கேட்கட்டும்.