பத்திரத்தில் இருக்கிறது பூங்கா

மனைப்பிரிவு வரைபடத்தில் பூங்காவுக்குப் பச்சை அடித்திருப்பார்கள். பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருபத்தெட்டு வருஷம் குப்பை கொட்டியவள் நான். அந்தப் பச்சைக் கட்டங்களை எத்தனை நூறு தடவை பார்த்திருப்பேனோ. ஊராட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்கும் பத்திரத்தில் நான்கு எல்லையும் சுத்தமாக இருக்கும். வடக்கே 30 அடி ரோடு, தெற்கே மனை எண் இத்தனை. ஓய்வு பெற்ற பிறகுதான் அப்படி ஒரு கட்டத்தை நேரில் போய்ப் பார்க்கத் தோன்றியது. திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் என் வீட்டிலிருந்து இரண்டே தெரு.

சீமைக்கருவேலம் ஆளுயரத்துக்கு நின்றது. ஒரு மூலையில் எங்கோ வீடு இடித்த செங்கல், உடைந்த கக்கூஸ் கோப்பை. இன்னொரு மூலையில் யாரோ ஜல்லி கொட்டி, தார்ப்பாய் மூடி, அது பறக்காமலிருக்க ஒரு பழைய அம்மிக்கல்லைத் தூக்கி வைத்திருந்தார்கள். எல்லைக்கல் நான்கில் ஒன்றுதான் கண்ணில் பட்டது. பலகை கிடையாது. பையன்கள் நடு ரோட்டில் செங்கல் அடுக்கி கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் லாரி வந்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஓரம் போவார்கள். “அது பூங்கா, தெரியுமாடா?” என்றேன். “போங்க ஆயா, அங்க பாம்பு இருக்கு” என்றான் ஒருவன்.

வீடு கட்டக் கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. நான் குடியிருப்பதே ஒரு காலத்தில் மல்லாட்டை போட்ட கொல்லை. 1989-ல் வட ஆற்காடு பிரிந்து திருவண்ணாமலை மாவட்டமானது. ஆட்சியர் அலுவலகம் இந்தப் பக்கம் வந்ததும் கழனிகளில் கல் நட ஆரம்பித்தார்கள். இப்போது ஆந்திரா, தெலங்கானாவிலிருந்து பக்தர்கள் வந்து குவிகிறார்கள், சென்ட் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. அவர்கள் 14 கிலோமீட்டர் கிரிவலம் நடக்கிறார்கள். என் பக்கத்து வீட்டு அம்மாவுக்குச் சர்க்கரை. காலையில் அரை மணி நேரம் நடக்க இடம் தேடி ஷேர் ஆட்டோ பிடித்துக் கிரிவலப் பாதைக்குப் போகிறார்.

விதி இல்லாமல் இல்லை. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 சொல்வது இது: மனைப்பிரிவு 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால், ரோடு போக மீதியில் நூற்றுக்குப் பத்து திறந்தவெளி. 10,000 வரை, இடம் விட வழியில்லை என்றால் அதன் மதிப்பைப் பணமாகக் கட்டலாம். அதற்கு மேல் போனால் இடத்தையே தானமாக எழுதித் தர வேண்டும். 3,000 சதுர மீட்டர் என்பது சுமார் 74 சென்ட். இந்த 74 பல பேருக்கு மனப்பாடம். அண்ணன் பேரில் 70 சென்ட், தம்பி பேரில் 70, மச்சான் பேரில் மிச்சம் என்று ஒரே கொல்லையை மூன்று மனைப்பிரிவாக்கினால் பூங்காவும் வேண்டாம், பணமும் வேண்டாம். ஆனால் குடிவரும் ஜனம் என்னவோ ஒன்றுதான். அத்தனை பேருக்கும் அதே குடிநீர்க் குழாய், அதே குப்பை வண்டி. நான் வந்தபோது 80 அடியில் தண்ணீர் கிடைத்தது. போன வருஷம் எதிர் வீட்டுக்காரர் 400 அடி இறக்கினார்.

2024 டிசம்பர் 1-ம் தேதியை இந்த ஊரில் யாரும் மறக்க மாட்டார்கள். ஃபெஞ்சல் புயல் மழையில் மலையடிவாரம் வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஏழு பேர் போய்ச் சேர்ந்தார்கள். அந்த மழையில் எங்கள் தெருவில் இரண்டு நாள் முழங்கால் தண்ணீர். எல்லா வீட்டு வாசலிலும் சிமென்ட். தண்ணீர் எங்கே இறங்கும்? அந்த முள்ளுக் கட்டத்தில் மட்டும் மறுநாளே வடிந்துவிட்டது.

அதற்கு நான்கு மாதம் முன்னால், ஆகஸ்டில், திருவண்ணாமலை மாநகராட்சியானது. பக்கத்து ஊராட்சிகளோடு எங்கள் ஊரையும் சேர்த்தார்கள். வரி ஏறும், நூறு நாள் வேலை போகும் என்று அவரவர் கவலை அவரவருக்கு. என் கவலை பீரோவைப் பற்றியது. ஊராட்சி பீரோவில் இருந்த தானப் பத்திரங்கள் மாநகராட்சி பீரோவுக்குப் போய்ச் சேர வேண்டும். இடம் தொலைவதெல்லாம் பெரும்பாலும் இப்படி பீரோ மாறும்போதுதான். புல்டோசர் அப்புறம்தான் வரும். பத்து வருஷம் கழித்து அந்தக் கட்டத்தில் ஒரு வீடு நிற்கும், அதற்கு மின் இணைப்பும் இருக்கும்.

பூங்கா, விளையாட்டுத் திடல், திறந்தவெளிகளைப் பட்டியல் போட்டுக் காக்க நம் மாநிலத்தில் 1959-லேயே சட்டம் வந்துவிட்டது. பெங்களூருவில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் நர்சிங் ஹோமுக்குக் கொடுத்தது செல்லாது என்று 1991-ல் உச்ச நீதிமன்றமே உறுதி செய்தது. அதனால் புதுச் சட்டம் எதுவும் நான் கேட்கவில்லை. வேங்கிக்காலில் தானமாக வந்த ஒவ்வொரு இடத்தையும் சர்வே எண், பரப்பு, பத்திர எண்ணோடு அச்சடித்து வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். அளந்து கம்பி வேலி போடுங்கள். ஊஞ்சலும் நீரூற்றும் பிறகு வரட்டும். அதுவரை புது மனைப்பிரிவுக் கோப்பு கொஞ்சம் காத்திருந்தால் ஒன்றும் கெட்டுவிடாது.

என் கைக்கு எட்டியவரை நான்கு தானப் பத்திரங்களுக்குச் சான்றிட்ட நகல் வாங்கி வைத்திருக்கிறேன், பென்ஷன் காசில். மாநகராட்சியிலிருந்து யார் வந்தாலும் இடத்தைக் காட்ட நான் தயார். தடித்த செருப்பாகப் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். முள் அதிகம்.